கலையும் கைவினையும் காணியும்: வன்னி மக்களின் ஆக்கங்கள் கண்காட்சிக்கு வருதல் குறித்து

1

ஈழத்துத் தமிழர் மத்தியில் காண்பியக் கலைகள் பற்றிய திறனாய்வு, இலக்கியத் திறனாய்வு பெற்றுள்ள வளர்ச்சியைப் பெறவில்லை. கைலாசபதியும் சிவத்தம்பியும் இலக்கியத்தைச் சமூக உற்பத்தி உறவுகளின் பகைப்புலத்தில் வைத்து நோக்கும் முறையியலை நமக்கு வகுத்துத் தந்தனர். அம்முறையியல் ஓவியத்துக்கோ, மட்பாண்டத்துக்கோ, பாய் இழைத்தலுக்கோ போதிய அளவு பிரயோகிக்கப்படவில்லை. இக்குறையை வன்னிப் பெருநிலத்தைச் சார்ந்து சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்னி மக்களின் ஆக்கங்கள் இன்று இரு வாயில்கள் வழியே கண்காட்சிக்கு வருகின்றன. முதலாவது, ‘கைப்பணி’ என்னும் வாயில். மாவட்ட, மாகாண மட்டங்களில் நிகழும் விற்பனைக் கண்காட்சிகள், 1978 இல் தோன்றிய பனை அபிவிருத்திச் சபையின் முயற்சிகள், 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெற்ற தேசிய அருங்கலைகள் பேரவையின் போட்டிகள் முதலியன இதனுள் அடங்கும். இரண்டாவது, ‘சமகாலக் கலை’ என்னும் வாயில். கொழும்பிலும் வெளிநாடுகளிலும் உள்ள காட்சிக்கூடங்கள் இதற்குரியன. முதலாவது வாயிலில் பொருளின் விலை தெரியும். செய்தவர் பெயர் பெரும்பாலும் தெரியாது. இரண்டாவதில் பெயர் பெரிதாக இருக்கும். விலை மறைவில் பேசப்படும். ஒரே நிலத்தின், ஒரே வரலாற்று அனுபவத்தின் ஆக்கங்கள் இவ்வாறு இரண்டாகப் பிரிக்கப்படுவது எதனால் என்பதே நம்முன் உள்ள வினா.

2

இப்பிரிவு இயல்பானதொன்றன்று, அதற்கு வரலாறு உண்டு. மூளை உழைப்பும் உடல் உழைப்பும் வேறாக்கப்பட்ட சமூகத்திலேயே கலைஞனும் கைவினைஞனும் வேறாகின்றனர். நம் பிராந்தியத்தில் இதற்குக் குடியேற்ற ஆட்சி நிறுவன வடிவம் கொடுத்தது. 1850 இல் அலெக்சாந்தர் ஹன்ரர் சென்னையில் தொடக்கிய பாடசாலை கைத்தொழிற் கலைகளைப் பயிற்றும் நோக்கினைக் கொண்டிருந்தது. காலப்போக்கில் அதே நிறுவனமே நுண்கலைக் கல்லூரியாக உருமாறி, ஓவியரையும் சிற்பியையும் கம்மாளரினின்று பிரித்தெடுத்தது. 1851 இல் இலண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சி, குடியேற்ற நாடுகளின் கைப்பொருள்களை இயந்திர உற்பத்திப் பொருள்களோடு ஒருங்கே பரப்பி வைத்தது. பொருளை அதன் சமூகத்திலிருந்து கழற்றி எடுத்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஒப்பிடும் பழக்கம் அங்கு உறுதிப்பட்டது. இன்றைய கைப்பணிக் கண்காட்சியும் அப்பழக்கத்தின் வழித்தோன்றலே எனலாம்.

இலங்கையில் இப்போக்கினை முதலில் வன்மையாக எதிர்த்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1908 இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் அவரது நூல், கைவினைஞரின் தொழில்முறை, குல அமைப்பு, கருவி, வேலைப்பங்கீடு ஆகியவற்றைக் கலை வரலாற்றின் மையத்துக்குக் கொணர்ந்தது. வில்லியம் மொறிஸின் சோஷலிசச் சிந்தனையின் செல்வாக்கும் அவரிடத்துப் படிந்திருந்தது. ஆயினும் இரு வரையறைகளை நாம் குறித்தல் வேண்டும். அந்நூலின் மையப்பொருள் கண்டிப் பிரதேசமாகும். வடபுலத்துக் கைவினைஞர் அவ்வாறானதோர் ஆய்வாளரைப் பெறவில்லை. மேலும் குமாரசுவாமி நிலமானிய அமைப்பின் குலத்தொழிலை இலட்சியப்படுத்தினார். அவ்வமைப்பில் கைவினைஞன் பாதுகாப்புப் பெற்றான் என்பதை அழுத்திய அவர், அவன் கட்டுண்டும் கிடந்தான் என்பதற்கு உரிய அழுத்தம் கொடுக்கவில்லை.

1943 இல் கொழும்பில் உருவாகிய ‘43 குழு’ கலைக்கழகப் பாணியின் பிடியை உடைத்தது. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தெரணியகல முதலியோரின் சாதனை மறுக்கற்பாலதன்று. விகாரைச் சுவரோவியங்களைப் பிரதிசெய்து காத்த மஞ்சுசிறியும் அக்குழுவில் இருந்தார். எனினும் அதன் சமூகத்தளம் பெரிதும் கொழும்பின் ஆங்கிலம் கற்ற மேற்தட்டினதாகவே இருந்தது. கிராமம் அவர்களது திரையில் கருப்பொருளாக இடம்பெற்றது. கிராமத்துக் கைவினைஞன் அவர்களது மண்டபத்தில் சக கலைஞனாக இடம்பெறவில்லை.

3

இனி வன்னியை நோக்குவோம். ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேய நிருவாகி 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளின் குளங்களையும் வேளாண்மையையும் விரிவாகப் பதிவு செய்கின்றது. வரி அறவிடும் ஆட்சியின் தேவைக்காக எழுதப்பட்ட நூலாயினும், வன்னியின் வாழ்வு குளத்தை அச்சாகக் கொண்டது என்பதை அது தெளிவாகக் காட்டுகின்றது.

வன்னியின் கைவினைகளும் இக்குளத்தையே சார்ந்தவை. குளத்தோரச் சதுப்பில் வளரும் பன், பாயாகின்றது. குளத்துக் களிமண் பானையும் சட்டியும் ஆகின்றது. பூநகரி முதலிய கரையோரப் பகுதிகளின் பனையோலை கடகமும் பெட்டியும் சுளகும் ஆகின்றது. காட்டு மரம் கலப்பையும் உரலும் ஆகின்றது. இவற்றுள் எதனையும் நிலத்தினின்று பிரித்து விளங்கிக்கொள்ள இயலாது. குளத்துக்குச் செல்லும் பாதை அடைபட்டால் பாய் இல்லை. பனங்காணி கைவிட்டுப் போனால் கடகம் இல்லை.

வழிபாட்டையும் இங்கு கருதுதல் வேண்டும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு முன்னோடியாகச் சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுக்கப்படுகின்றது. முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் அவ்வுப்பு நீரில் விளக்கெரிக்கும் சடங்கு நிகழ்கின்றது. அச்சடங்கில் கையாளப்படும் மட்கலத்தின் பெறுமானம், அதனைச் சூழ்ந்த ஊர்களின் கடமைப் பங்கீட்டில் தங்கியுள்ளது. வோல்ற்றர் பெஞ்சமின் 1930களில் வழிபாட்டுப் பெறுமானம், காட்சிப் பெறுமானம் என இரண்டினை வேறுபடுத்தினார். அதே மட்கலம் கண்காட்சி மேசைக்கு வரும்போது முதலாவதை இழந்து இரண்டாவதைப் பெறுகின்றது. இவ்விழப்பை எண்ணி ஏங்குவதோடு நின்றுவிடுவோமாயின் நாமும் குமாரசுவாமியின் வழுவுக்கே ஆளாவோம். ஏனெனில் அக்கடமைப் பங்கீடு சாதிப் பங்கீடுமாகும். மண் பிசைந்தவனும் இரும்படித்தவனும் மரம் செதுக்கியவனும் நம் சமூகத்தில் எத்தகைய மதிப்புப் பெற்றனர் என்பதை நாம் அறிவோம். பனையோலைப் பின்னலும் பாய் இழைத்தலும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. அதனாலேயே அவை ‘ஓய்வுநேர வேலை’ எனக் கணக்கில் விடுபட்டன. கலை, கைவினை என்ற பிரிவின் அடியில் சாதியும் ஆண் பெண் ஏற்றத்தாழ்வும் கிடக்கின்றன.

வன்னியை ஒருபடித்தான மரபு நிலமாகக் காண்பதும் தவறு. இரணைமடுக் குளத்தின் கீழ்க் குடியேறிய யாழ்ப்பாணத்து விவசாயிகளும், 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து ஏதிலிகளாய் வந்து காடு வெட்டிக் குடியமர்ந்த தொழிலாளரும் இந்நிலத்தின் மக்களே. இவர்களுட் பலர்க்குக் காணி உறுதி என்பது நெடுங்காலம் எட்டாப் பொருளாகவே இருந்தது.

4

போர் இவ்வுற்பத்தி அமைப்பைச் சிதைத்தது. 1995 இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து பெருந்தொகையானோர் வன்னிக்கு இடம்பெயர்ந்தனர். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்களே ஊர் ஊராகத் துரத்தப்பட்டு முள்ளிவாய்க்கால் வரை சென்று, எஞ்சியோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். சக்கரமும் சூளையும் உலைக்களமும் தூக்கிச் செல்லக்கூடிய பொருள்களல்ல. தலைமுறையாகக் கைமாறி வந்த தொழிலறிவு, கருவி இழந்தும் கற்பிப்போர் மாண்டும் அறுந்தது.

இதன் பின்னரே கைப்பணி ‘வாழ்வாதார உதவி’ என்னும் பெயரில் மீளவந்தது. உதவி வழங்கியோரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் உற்பத்தி உறவு மாறியமையைக் கவனித்தல் வேண்டும். முன்னர் கடகம் அயலவரின் களத்துக்கும் அடுக்களைக்கும் பின்னப்பட்டது. அளவும் வலிமையும் அவற்றின் தேவையால் தீர்மானிக்கப்பட்டன. இப்போது நகரத்து வாடிக்கையாளரின் வரவேற்பறைக்குப் பின்னப்படுகின்றது. நிறமும் வடிவும் இடைத்தரகரால் தீர்மானிக்கப்படுகின்றன. பொருளோடு இணைக்கப்படும் சீட்டில் பின்னியவரின் பெயருக்குப் பதிலாக ‘போரால் பாதிக்கப்பட்ட பெண்’ என்னும் அடையாளம் இடம்பெறும்போது, அவரது துயரமும் பண்டத்தின் ஒரு பகுதியாகி விற்கப்படுகின்றது.

5

இரண்டாவது வாயிலுக்கு வருவோம். இடம்பெயர்ந்தோரின் ஆக்கம் சமகாலக் கலையின் எல்லைக்குள் வந்தமைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு தா. சனாதனனின் ‘முடிவுறாத தோம்பு’ என்னும் கலைநூலாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் காண்பியக் கலை பயிற்றுவிப்பவராகிய இவ்வோவியரின் இப்படைப்பு 2011 இல் வெளியாயிற்று. தோம்பு என்பது ஒல்லாந்தர் ஆட்சிக்காலக் காணிப் பதிவேடு. இன்றும் வடபுலத்து உறுதிகளில் அதன் சாயலைக் காணலாம். வடக்குக் கிழக்கில் இடம்பெயர்ந்த எண்பது பேரிடம், தாம் இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரையுமாறு கேட்கப்பட்டது. அவ்வரைவு, அதனை அளவுபடுத்திய கட்டடக்கலைஞரின் வரைபடம், ஓவியரின் சொந்த ஓவியம் என மூன்று அடுக்குகளாக நூல் அமைகின்றது.

இப்படைப்பின் பலம், பதிவேடு என்னும் ஆட்சியாளரின் வடிவத்தை மக்கள் பக்கம் திருப்பியமையில் உள்ளது. வரி வாங்குவோர் எழுதிய ஏடு, வீடிழந்தோர் எழுதும் ஏடாகின்றது. வரையப் பழகாத கை இடும் கோட்டில் கிணறு வீட்டினும் பெரிதாகலாம். வேலியோர மரமொன்று அறைகளை விட முக்கியம் பெறலாம். அளவுகோல் அறியாத இம்முதன்மைப்பாடே அவர்தம் வாழ்வின் உண்மை அளவு. கட்டடக்கலைஞரின் நேர்கோடு அதனை ஒழுங்குபடுத்துகையில் எது தொலைகின்றது என்பதை இரண்டையும் ஒருங்கே காண்போன் உணர்வான். அந்தத் தொலைவை மறைக்காது காட்டுவதே நூலின் நேர்மையாகும்.

எனினும் திறனாய்வு இங்கு நின்றுவிடலாகாது. எண்பது கைகள் வரைந்த நூல் கலையுலகில் ஒரு பெயராலேயே அறியப்படுகின்றது. இதனை ஓவியரின் தனிப்பட்ட குறையாக நாம் கொள்ளவில்லை. தனிமனித ஆசிரியத்துவம் என்பது கலைச் சந்தையின் சொத்துரிமை வடிவம். கூட்டு ஆக்கத்துக்கு அச்சந்தையில் இன்னும் இடமில்லை. நினைவில் தம் வீட்டை வரைந்தவர் அப்படைப்பில் கலைஞரா, தகவல் தந்தவரா என்ற வினாவுக்குக் காட்சிக்கூடம் விடை கூற இயலாது. ஆனால் அவ்வினா எழுவதற்கு இடந்தந்தமை படைப்பின் பெறுமானத்தை உயர்த்துகின்றது.

மண்டபத்தினுள் அனுமதிக்கப்படுதல் மாத்திரம் விடுதலையாகாது என்பதை இந்தியாவின் அனுபவமும் உணர்த்தும். 1982 இல் போபாலில் திறக்கப்பட்ட பாரத் பவனில், ஓவியர் ஜே. சுவாமிநாதன் பழங்குடி ஆக்கங்களையும் நவீன ஓவியங்களையும் ஒத்த மதிப்புடன் வைத்தார். அது துணிவான செயல். அவ்வழி வெளியுலகுக்கு வந்த கோண்ட் ஓவியர் ஜன்கட் சிங் சியாம், 1989 இல் பரிசில் நடந்த புகழ்பெற்ற சர்வதேசக் கண்காட்சியிலும் இடம்பெற்றார். 2001 இல் யப்பானில் காட்சியகம் ஒன்றில் தங்கி வரைந்துகொண்டிருந்த வேளை அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். புகழ் வந்தபோதும் உழைப்பின் நிபந்தனைகள் மீதான அதிகாரம் கலைஞரின் கைக்கு வந்துவிடுவதில்லை. மறுபுறம், கே. சி. எஸ். பணிக்கர் 1966 இல் சென்னையருகே நிறுவிய சோழமண்டலக் கலைஞர் கிராமத்தில், பத்திக் முதலிய கைப்பணிகளை விற்றே ஓவியர்கள் தம் ஓவிய வாழ்வைத் தக்கவைத்தனர். கைவினை தாழ்ந்தது எனக் கூறும் கலைக்கோட்பாடு, அக்கைவினையின் வருவாயில் உயிர்வாழ்ந்த கலையை எவ்வாறு விளக்கும்?

6

மண்டபத்துக்கு வெளியிலும் வன்னியில் காட்சிப்படுத்தல் நிகழ்ந்துள்ளது. எறிகணை துளைத்த கொங்கிறீற்றுப் பாளமும் அதன்மேல் மலரும் தாமரையுமாக அரசு கிளிநொச்சியில் நிறுவிய வெற்றித்தூபி ஒருவகைக் கண்காட்சி. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி அந்நகரின் கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் நிழற்படங்களை ஏந்தித் தொடங்கிய போராட்டம் இன்னொன்று. அதே ஆண்டின் தொடக்கத்தில் கேப்பாப்புலவுப் பகுதியின் பிலவுக்குடியிருப்பு மக்கள், படையினர் வசமிருந்த தம் காணியின் வாயிலிலேயே குந்தியிருந்து, மார்ச் முதலாம் திகதி அதனை மீளப்பெற்றனர். ‘தோம்பு’ தாளில் எழுப்பிய கோரிக்கையை இம்மக்கள் வீதியில் எழுப்பினர். இவ்விரண்டையும் தொடர்புபடுத்திக் காணாத கலைத் திறனாய்வு அலங்காரத் திறனாய்வாகவே முடியும்.

ஆதலின் சில நடைமுறைக் கோரிக்கைகளை முன்வைக்க விரும்புகின்றோம். கண்காட்சியில் வைக்கப்படும் ஒவ்வொரு பொருளின் அருகிலும், செய்தவர் இசைவு தருமிடத்து, அவரது பெயரும் ஊரும் இடம்பெறல் வேண்டும். மூலப்பொருள் எக்குளத்தில், எப்பனங்காணியில் பெறப்பட்டது, எத்தனை நாள் உழைப்பு, விற்பனை விலையில் அவர்க்குரிய பங்கு யாது என்பனவும் பகிரங்கப்படுத்தப்படல் வேண்டும். தெரிவுக் குழுக்களில் கைவினைஞர் அமர்தல் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகமும், எஞ்சியுள்ள தொழிலறிவை அதனை உடையோரோடு இணைந்து பதிவுசெய்தல் அவசரப் பணியாகும். அப்பதிவில் சாதி பற்றிய மௌனம் கலைக்கப்படல் வேண்டும்.

வேலைப்பிரிவினை ஒழிந்த சமூகத்தில் ஓவியர் என்றொரு தனி வகுப்பு இராது, ஏனைய பல தொழில்களோடு ஓவியமும் வரையும் மனிதரே இருப்பர் என மார்க்சும் ஏங்கெல்சும் கருதினர். வன்னியின் பெண், வயல் வேலையும் பாய் இழைத்தலும் பொங்கற் கோலமும் ஒரே கையால் செய்துவந்தாள். ஆனால் சுதந்திரத்தோடன்று, தேவையின் அழுத்தத்தால். அக்கையின் பன்முக ஆற்றலைப் பேணி, அதன் மீதுள்ள அழுத்தத்தை நீக்குவது எவ்வாறு என்பதே முற்போக்குக் கலைச் சிந்தனை எதிர்கொள்ள வேண்டிய வினாவாகும். அதற்கு மண்டபத்தின் கதவைத் திறப்பது ஒரு தொடக்கம். குளக்கட்டுக்கும் பனங்காணிக்கும் அவள் தடையின்றிச் செல்லும் உரிமை அதனினும் அடிப்படையானது. பன் விளையும் இடம் அங்கேதான் உள்ளது.