கருவி பேசுகிறது, மாணவன் பேசுகிறானா?

அயல்மொழி கற்பதற்குப் படமும் ஒலியும் துணை செய்யும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. படச்சுருள், ஒலிநாடா, தொலைக்காட்சி, கணிப்பொறி, கைப்பேசி என்று கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றும் வரும்போது, இனி மொழி கற்பது எளிது என்ற அறிவிப்பும் கூடவே வருகிறது. சில ஆண்டுகளில் கருவி தூசி படிந்து மூலையில் கிடக்கிறது. இதில் பணம் வீணாவது ஒரு நட்டம். அதைவிடப் பெரிய நட்டம், கருவி இருந்தும் மொழி வராத மாணவன் 'எனக்கு இது வராது' என்று முடிவு கட்டிவிடுவதுதான். குறை அவனிடமா, கருவியிடமா, அதைப் பயன்படுத்திய முறையிடமா? இதற்கு விடை காண, இக்கருவிகளின் வரலாற்றைச் சற்றே பரிசீலிப்போம்.

முதலில் படத்தை எடுத்துக்கொள்வோம். மொராவியாவில் பிறந்த கல்வியாளர் கொமேனியஸ், லத்தீன் கற்கும் சிறுவர்களுக்காக 1658-இல் நியூரம்பர்க் நகரில் 'ஓர்பிஸ் பிக்டஸ்' என்னும் நூலை வெளியிட்டார். அதில் 150 பாடங்கள். பாடத்துக்குப் பாடம் படம். படத்திலுள்ள பொருள்களுக்கு எண்கள் இட்டு, அதே எண்களை லத்தீன் சொற்களுக்கும் ஜெர்மன் சொற்களுக்கும் இட்டிருந்தார். அந்த எண்கள்தாம் அந்நூலின் உயிர். எண்கள் இல்லையென்றால், ஒரு பட்டறையின் படத்தைப் பார்க்கும் சிறுவன், பாடத்திலுள்ள சொல் சுத்தியலைக் குறிக்கிறதா, உலையைக் குறிக்கிறதா, கொல்லனையே குறிக்கிறதா என்று எப்படி அறிவான்?

இச்சிக்கலை அமெரிக்கத் தத்துவ அறிஞர் குவைன் 1960-இல் வெளியிட்ட நூலில் ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். நமக்குச் சிறிதும் தெரியாத மொழியைப் பேசும் ஒருவர், முயல் ஒன்று ஓடும்போது 'கவகாய்' என்கிறார். அது முயலின் பெயரா, முயலின் ஓர் உறுப்பா, முயல் ஓடும் காட்சியா? கண்ணால் பார்த்தது மட்டும் இதைத் தீர்த்து வைக்காது. படம் ஆயிரம் பொருளைக் காட்டலாம். எந்தப் பொருளைக் கருதுகிறது என்பதை அது தானாகச் சொல்வதில்லை.

படத்தை முதன்மையாகக் கொண்ட பிரெஞ்சுப் பாடத்திட்டம் ஒன்று இவ்வகையில் ஆராயத் தக்கது. ஸாக்ரெப் நகரைச் சேர்ந்த மொழியியலாளர் பெடார் குபெரினாவும், பாரிஸை அடுத்த சாங்-க்ளூ கல்வி நிறுவனத்தின் போல் ரிவாங்கும் முன்னின்று உருவாக்கிய அத்திட்டம், 1960-களில் பல நாடுகளில் பரவியது. அதன் அடிப்படை பாராட்டுக்குரியது. சொற்களை அகராதியிலிருந்து பொறுக்காமல், மக்கள் உண்மையாகப் பேசிய உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, சுமார் 3 லட்சம் சொற்களை எண்ணி, அடிக்கடி வருபவற்றைத் தேர்ந்தெடுத்த ஆய்வின்மேல் அது எழுந்தது. வகுப்பில் திரையில் ஒரு படம் விழும். ஒலிநாடா ஒரு வாக்கியம் சொல்லும். மாணவர்கள் பொருளை ஊகித்துத் திருப்பிச் சொல்வார்கள். எழுத்து பின்னர்தான் வரும்.

குறை எங்கே நேர்ந்தது? 'புத்தகம் மேசைமேல் இருக்கிறது' என்பதைப் படமாக வரைந்துவிடலாம். 'அவர் நாளை வரக்கூடும்' என்பதை எப்படி வரைவது? இத்தகைய வாக்கியங்களுக்காக, பாத்திரங்களின் தலைக்கு மேல் குமிழ் வரைந்து அதற்குள் குறிகளை இட வேண்டியிருந்தது. மாணவனோ முதலில் அந்தக் குறிகளின் மொழியைக் கற்க வேண்டியவனானான். தவறாக ஊகித்தவனும் வாக்கியத்தைப் பிழையின்றிச் சொல்லிவிடுவான். அவன் புரிந்து சொன்னானா, கிளிப்பிள்ளையாய்ச் சொன்னானா என்பதைக் கேள்வி கேட்டுக் கண்டறிய ஆசிரியர் ஒருவர் வேண்டும். திரைக்கு அது தெரியாது.

இனி ஒலிக்கு வருவோம். பிரெஞ்சு மொழியில் தெருவைக் குறிக்கும் சொல்லும் சக்கரத்தைக் குறிக்கும் சொல்லும் நம் காதுக்கு 'ரூ' என்றே கேட்கும். சக்கரத்துக்குரிய சொல்லின் உயிரொலி ஏறத்தாழ நம் 'ஊ'. தெருவுக்குரியது வேறு. நாக்கை 'ஈ' சொல்லும் நிலையிலேயே வைத்துக்கொண்டு, 'ஊ' சொல்வதுபோல் உதட்டை மட்டும் குவித்துப் பாருங்கள். அந்த ஒலி பிறக்கும். தமிழ் எழுத்தில் இவ்விரண்டையும் வேறுபடுத்தி எழுத வழியில்லை. 'ல', 'ள', 'ழ' மூன்றையும் ஒன்றாகவே கேட்கும் அயல்நாட்டாரின் நிலைதான் இங்கே நம்முடைய நிலை. ஆகவே ஒலிக்கருவி ஆடம்பரம் அன்று. அச்சுப் புத்தகம் செய்ய இயலாத வேலையை அது செய்கிறது. லண்டனில் 1901-இல் தோன்றிய லிங்குவாஃபோன் நிறுவனம் ஒலிப்பதிவுகளைக் கொண்டு மொழிப் பாடம் விற்கத் தொடங்கியபோது, இத்தேவையையே நிறைவு செய்தது.

ஆனால் கருவி மட்டும் போதும் என்ற நம்பிக்கை உச்சத்துக்குச் சென்றது அமெரிக்காவில்தான். 1957 அக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தியதும், அறிவியலிலும் அயல்மொழிகளிலும் பின்தங்கிவிட்டோம் என்ற அச்சம் அங்கே எழுந்தது. 1958-இல் இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் மொழிக் கருவிகளுக்கும் நிதி அளித்தது. பள்ளிதோறும் மொழி ஆய்வகங்கள் தோன்றின. தடுப்புகளால் பிரிக்கப்பட்ட சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஹெட்போன், மைக், ஒலிநாடாக் கருவி. நாடாவின் ஒரு தடத்தில் மாதிரிக் குரல் ஒலிக்கும். மாணவனின் குரல் மறு தடத்தில் பதிவாகும். பின்னர் இரண்டையும் ஒட்டிக் கேட்டு, அவன் தன்னைத் தானே திருத்திக்கொள்ள வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருப்பதைக் கவனியுங்கள். இரண்டு 'ரூ'க்களின் வேறுபாட்டை மாதிரிக் குரலில் உணராத காது, தன் குரலில் மட்டும் அதை எவ்வாறு உணரும்? பிழையைப் பதிவு செய்து, அதே காதால் மீண்டும் கேட்டு, சரியென்று எண்ணி, பிழையையே அவன் மனப்பாடம் செய்யக்கூடும்.

இம்முறையை ஆதரித்தவர்கள் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் நடத்திய மொழிப் பயிற்சியைச் சான்று காட்டினர். ஆனால் 1943-இல் தொடங்கிய அப்பயிற்சியில் வகுப்புகள் சிறியவை. பயிற்சி நேரம் மிகுதி. அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் எதிரில் அமர்ந்து உரையாடினார். பள்ளிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சி வந்து சேர்ந்தது. அந்த நேரமும் வரவில்லை, அந்த மனிதரும் வரவில்லை.

விளைவு என்ன? 1960-களின் பிற்பகுதியில் பென்சில்வேனியா மாநிலத்தில், பிரெஞ்சும் ஜெர்மனும் கற்பித்த சுமார் 100 வகுப்புகளில் விரிவான ஒப்பாய்வு நடந்தது. வாரம் இருமுறை மொழி ஆய்வகத்துக்குச் சென்ற மாணவர்கள், வகுப்பறையில் ஒரு சாதாரண ஒலிநாடாக் கருவியோடு படித்தவர்களைவிட மேம்பட்டதாகத் தெரியவில்லை. 'வாரம் இருமுறை போதாது' என்று ஆய்வகத்தின் ஆதரவாளர்கள் வாதாடினர். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. எனினும் பெரும்பாலான பள்ளிகளால் ஒதுக்க முடிந்த நேரம் அவ்வளவே என்னும்போது, அவ்வாதம் கருவியைக் காப்பாற்றுவதில்லை.

அப்படியானால் ஒலிக்கருவியைத் தள்ளிவிடலாமா? கூடாது. இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1991-இல் வெளியிட்ட சோதனை ஒன்று நம்பிக்கை தருகிறது. ஆங்கிலத்தின் 'ர', 'ல' ஒலிகளைப் பிரித்துணர இயலாமல் இடர்ப்படும் ஜப்பானியர்களுக்கு, பலருடைய குரல்களில் பதிவு செய்த சொற்களைக் கேட்கச் செய்தனர். கேட்டது எந்தச் சொல் என்று அவர்கள் ஒவ்வொரு முறையும் விடையளிக்க வேண்டும். விடை சரியா, தவறா என்பது உடனே தெரிவிக்கப்படும். சில வாரப் பயிற்சியில் அவர்களுடைய காது கூர்மை பெற்றது. இங்கும் பயன்பட்டது ஒலிப்பதிவுதான். ஆனால் குரல்கள் பல. கேட்பவன் முடிவு செய்தாக வேண்டும். தவறு அவ்வப்போதே தெரிந்தது. மொழி ஆய்வகத்தில் இல்லாதவை இவையே.

எதிரில் ஒரு மனிதர் இருப்பதன் மதிப்பையும் ஒரு சோதனை காட்டியது. சியாட்டில் நகரில் பட்ரீஷியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளில் சிலருக்குச் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து 12 தடவை கதை சொல்லி விளையாட்டுக் காட்டினர். அக்குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டை உணர்ந்தனர். அதையே திரையில் பார்த்த குழந்தைகளிடமும், ஒலியாக மட்டும் கேட்ட குழந்தைகளிடமும் அத்தகைய பயன் காணப்படவில்லை. குழந்தைக்குப் பொருந்துவது வளர்ந்த மாணவருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆயினும், திரை எப்போதும் மனிதருக்கு ஈடாகிவிடும் என்று எண்ணுவோர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

அயல்மொழித் திரைப்படம் பார்த்துப் பழகுவோருக்கும் ஒரு செய்தி உண்டு. நெதர்லாந்தில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், பழக்கமில்லாத ஆஸ்திரேலிய, ஸ்காட்லாந்து உச்சரிப்புகள் கொண்ட ஆங்கிலப் படங்களை டச்சு மாணவர்கள் பார்த்தனர். ஆங்கிலத் துணையெழுத்தோடு பார்த்தவர்களுக்கு அவ்வுச்சரிப்பைப் புரிந்துகொள்ளும் திறன் வளர்ந்தது. டச்சுத் துணையெழுத்தோ, புதிய சொற்களைக் கேட்டறிவதற்குத் தடையாகவே இருந்தது. கதையைப் புரிந்துகொள்ளத் தாய்மொழித் துணையெழுத்து உதவலாம். காதைப் பழக்க, பேசும் மொழியிலேயே எழுத்தும் ஓடுவது நல்லது.

இன்று கைப்பேசியில் வரும் மொழிப் பாடங்கள் அந்தப் பழைய சிறு அறையின் வாரிசுகளே. அவற்றில் சில உங்கள் குரலைக் கேட்டு மதிப்பெண்ணும் தருகின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன் இவற்றைக் கேளுங்கள். படம் எந்தப் பொருளைக் குறிக்கிறது என்பது உறுதியாகிறதா? ஒரே குரலா, பல குரல்களா? தவறு என்று சொல்வதோடு நிற்கிறதா, நாக்கையும் உதட்டையும் எப்படி வைப்பது என்றும் சொல்கிறதா? கேட்டதைத் திருப்பிச் சொன்னால் போதுமா, நீங்களாக ஒரு வாக்கியம் அமைக்க வேண்டியிருக்கிறதா? அந்த வாக்கியத்தைக் கேட்டு மறுமொழி கூற ஒரு நண்பரோ ஆசிரியரோ இருக்கிறாரா?

இவற்றுள் பலவற்றுக்கு 'இல்லை' என்பதே விடையானால், மாதங்கள் கழித்தும் மொழி வராததற்கு உங்கள் அறிவைப் பழிக்காதீர்கள். அந்தக் கருவியை ஒலி கேட்க மட்டும் வைத்துக்கொண்டு, பேசிப் பழக ஒரு துணையைத் தேடுங்கள்.