அடடா, இந்த மூவர்!

யாரிடம் பேசினாலும் பேச்சை எப்படியாவது ஃப்ளோரஸ்டன் ட்ரையோவின் இந்த இசைத்தட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். அதற்காக வீட்டில் திட்டு வாங்கியும் ஆயிற்று. பியானோவில் சூசன் டோம்ஸ், வயலினில் ஆந்தனி மார்வுட், செல்லோவில் ரிச்சர்ட் லெஸ்டர். டெபுஸ்ஸி, ஃபோரே, ரவேல் மூவரும் பியானோ, வயலின், செல்லோவுக்கென்று ஆளுக்கு ஒரு ட்ரையோதான் எழுதினார்கள். அந்த மூன்றையும் லண்டன் ஹைபீரியன் நிறுவனம் ஒரே தட்டில் 1999இல் வெளியிட்டது.

நேராக ரவேலுக்குப் போய்விடுங்கள். முதல் பகுதியில் எட்டு எண்ணிக்கையை மூன்று, இரண்டு, மூன்று என்று பிரித்திருக்கிறார். தொடையில் தகிட தக தகிட என்று தட்டிக்கொண்டே கேட்டால் சட்டென்று பிடிபடும். ரவேலின் தாய் பாஸ்க் இனத்தவர். அந்த மண்ணின் நடனச் சாயல் இது. டோம்ஸ் இதை அழுத்திக் காட்டுவதே இல்லை, லேசாக ஆடவிடுகிறார். வயலினும் செல்லோவும் இரண்டு ஸ்தாயி இடைவெளியில் ஒரே மெட்டைப் பாட, நடுவில் பியானோ உலவுகிறது. மூன்றே வாத்தியமா என்று சந்தேகம் வந்துவிடும்!

இரண்டாம் பகுதிக்குப் 'பாந்தூம்' என்று பெயர், மலாய்க் கவிதை வடிவத்திலிருந்து எடுத்தது. நடுவில் வில் வாத்தியங்கள் மூன்று மூன்றாகத் துள்ள, பியானோ அகலமான நாலு எண்ணிக்கையில் சாவகாசமாக நடக்கும். யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை, ஆனால் இம்மி பிசகுவதில்லை. இதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன்.

அடுத்து வரும் 'பஸகாய்'. பியானோவின் அடிமட்டத்தில் எட்டு ஆவர்த்தனம் நீளமுள்ள ஒரு மெட்டு தனியாகத் தொடங்குகிறது. செல்லோ வாங்கிக்கொள்கிறது, பிறகு வயலின். மெல்ல மெல்ல ஏறி, உச்சியில் நெஞ்சை அடைத்து, அதே படிகளில் இறங்கி, மறுபடி பியானோவின் அடியாழத்துக்கே போய்ச் சேர்கிறது. லெஸ்டரின் அந்த முதல் நுழைவுக்கே தட்டின் விலை சரியாகிவிட்டது. 1914 கோடையில் சேன் ழான் த லூஸ் கடற்கரையில் ரவேல் இந்த ட்ரையோவை எழுதிக்கொண்டிருக்கும்போதே போர் மூண்டது. படையில் சேரும் அவசரத்தில் மளமளவென்று முடித்தாராம். எடை போதாதென்று திருப்பி அனுப்பினார்கள், பிற்பாடு ராணுவ லாரி ஓட்டினார். அவசரத்தில் எழுதியதா இது?

டெபுஸ்ஸியின் ட்ரையோ பதினெட்டு வயதுப் பையன் எழுதியது, இனிக்கும், அவ்வளவுதான். இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் நரம்பை விரலால் சுண்டும் குறும்பு மட்டும் எனக்குப் பிடிக்கும்.

ஃபோரே வேறு கதை. ரவேலின் ஆசிரியர் அவர். தன் ட்ரையோவை எழுதும்போது வயது எழுபத்தேழு. காது மந்தமானதோடு ஸ்வரங்களும் இடம் மாறிக் கேட்டன. 1923இல் அரங்கேறிய இந்த ட்ரையோவில் ஒரு ஸ்வரம்கூட மிகையில்லை. டோம்ஸும் லெஸ்டரும் முன்பு டோமஸ் என்ற குழுவில் ஃபோரேவில் ஊறியவர்கள், அது தெரிகிறது. ஆண்டான்டினோ பகுதியில் வயலின் பாடியதைச் செல்லோ ஏந்திக்கொள்ளும்போது யாரும் உருகிக் காட்டுவதில்லை. உருகுவது நாம்தான்.

2012இல் குழு கலைந்துவிட்டது. போகட்டும், இவர்களே வாசித்த சேன் சான்ஸ் ட்ரையோக்கள் இருக்கின்றன. அடுத்த திட்டு அதற்காகத்தான்.