பிறர் குரலும் நம் நகையும்

நகை பிறக்கும் நிலைக்களன் நான்கு என்பார் தொல்காப்பியர்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பலகுரற் கலைஞர் பலர் எள்ளலோடு நின்றுவிடுவர். 1965இல் பிறந்து 2023இல் மறைந்த மயில்சாமி அவ்வாறு நின்றாரல்லர். 'சிரிப்போ சிரிப்பு' ஒலிநாடாவால் புகழ்பெற்ற அவர், 'தூள்' (2003) படத்தில் விவேக்குடன் தோன்றியபோது பேதைமையையும் நகையாக்கினார். குடியர் வேடங்களிலோ, நாக்குழறலை நுணுகிக் கேட்ட செவி புலப்படும். ஆனால், ஜொகூர்த் தோட்டப் பள்ளியில் என் மாணவன் ஒருவன் அவ்வேடத்தை நடித்துக் காட்டியபோது வகுப்பே சிரித்தது. ஒரு சிறுமி மட்டும் தலைகுனிந்தாள். அவள் வீட்டில் அக்குரல் நாள்தோறும் கேட்பது. கலைஞரின் திறத்தை நான் குறைகூறேன். எனினும், ஆசிரிய நண்பர்களே, குரலைப் போலச் செய்யும் பிள்ளையைப் பாராட்டுங்கால், அக்குரல் எவர் துயரிலிருந்து எழுந்தது என்பதையும் உணர்த்துவது நம் கடனன்றோ?