ஜன்னலிலிருந்து சைடர்

வீட்டில் உட்கார்ந்து குடிப்பவனை நம் எழுத்தாளர்கள் மதிப்பதில்லை. குடி என்றால் வெளியே, நண்பர்களோடு, விடியும்வரை. கடைசியில் யாராவது அழ வேண்டும், அல்லது யாரையாவது அடிக்கப் போக வேண்டும். கவிதை அங்கிருந்துதான் புறப்படுகிறது என்று ஒரு ஐதீகம். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம், மாடி ஜன்னலோரம், ஒரு டம்ளர் ரம் அல்லது பியர். ஒன்பது மணிக்குச் சாப்பாடு. சமீபத்தில் உறவுக்காரப் பையன் ஒருவன் இங்கிலாந்திலிருந்து ஹெர்ஃபோர்ட்ஷயர் சைடர் இரண்டு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான். இனிப்பில்லாத சைடர். முதல் வாய் துவர்ப்பு, நெல்லிக்காயைக் கடித்த மாதிரி. பிறகுதான் ஆப்பிள், அதுவும் வாசனையாக மட்டும். இதைச் சாக்காக வைத்து, சைடரை எழுதிய மூன்று பேரை மறுபடி படித்தேன்.

முதல் ஆள் ஜான் பிலிப்ஸ். 1708இல் 'சைடர்' என்றே பெயரிட்டு, வர்ஜிலின் வேளாண்மைக் கவிதையை முன்மாதிரியாகக் கொண்டு, இரண்டு காண்டங்களில் ஒரு நீள்கவிதை செய்தார். மண், ஒட்டுக்கட்டுதல், ரெட்ஸ்ட்ரீக் என்ற ஆப்பிளின் பெருமை, பிழிதல், குடித்தல் எல்லாம் உண்டு. பிலிப் மில்லர் என்ற தோட்டக்கலை நிபுணர் இதே விஷயம் பற்றிய பல உரைநடை நூல்களில் இந்தக் கவிதையில் உள்ள அளவு உண்மை இல்லை என்று தம்மிடம் சொன்னதாக சாமுவேல் ஜான்சன் எழுதியிருக்கிறார். அதே கையோடு, மில்டன் பெரும் விஷயங்களுக்குக் கையாண்ட செய்யுள் நடையை ஆப்பிள் தாங்காது என்றும் ஜான்சன் சொல்லிவிடுகிறார். இரண்டுமே சரி. பிலிப்ஸுக்குப் பழம் தெரியும். ஆனால் அவர் காது மில்டனிடம் அடமானத்தில் இருந்தது. தெரிந்த பொருளைக் கடன் வாங்கிய குரலில் சொல்வது நமக்கும் புதிதல்ல. பிரிட்டனில் 2010இலிருந்து, குறைந்தது 35 சதவீதம் சாறு இருந்தால்தான் வரிச் சட்டப்படி அது சைடர். நம் கவிதைத் தொகுதிகளுக்கும் இப்படி ஒரு சட்டம் வந்தால் எத்தனை பேர் தேறுவோம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

லாரி லீயின் 'சைடர் வித் ரோஸி' (1959) எல்லோருக்கும் பிடித்த புத்தகம். எனக்கும் ஒரு காலத்தில் பிடித்தது. வைக்கோல் வண்டியடியில் சிறுவனும் சிறுமியும், பக்கத்தில் ஜாடி. அந்தக் காட்சியில் ஜாடி ஏற்கனவே நிரம்பியிருக்கிறது. யார் நிரப்பினார்கள் என்பது நினைவின் தித்திப்பில் கரைந்துபோகிறது. லீ ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, அந்தக் கிராமத்தில் வளர்ந்தவர். அவருக்கு அந்த உரிமை உண்டு என்று வாதிடலாம். உரிமையைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை. வாக்கியங்கள் தங்கள் அழகைத் தாங்களே ருசித்துக்கொண்டிருக்கின்றன என்பதுதான் சங்கடம்.

நான் நெடுநேரம் நின்றது தாமஸ் ஹார்டியிடம். 'தி உட்லேண்டர்ஸ்' நாவலின் கைல்ஸ் விண்டர்போர்ன் ஊர் ஊராக ஆலையும் செக்கும் கொண்டுபோய்ச் சைடர் பிழிந்து தருகிறவன். ஆப்பிளை அரைத்து, சக்கையைக் குதிரைமயிர்த் துணியில் மடித்து, அடுக்கடுக்காக வைத்துத் திருகி இறுக்க வேண்டும். ஈஸ்ட் போடத் தேவையில்லை, பழத்தோடும் செக்கோடும் வருவதே போதும். பானையில் தானே பொங்கும் நம் கள்ளைப்போல. (அந்தக் கள்ளுக்கு இங்கே 1987இல் தடை வந்தது, பாட்டில் சரக்கு தப்பித்தது.) கைல்ஸை விரும்பியிருந்த கிரேஸ், தகப்பனின் அந்தஸ்து ஆசையில் டாக்டர் ஃபிட்ஸ்பியர்ஸை மணந்து, விடுதி ஒன்றில் தங்கியிருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் கீழே முற்றத்தில் கைல்ஸ் செக்கருகே நிற்கிறான். புதுக் கணவன் சொல்கிறான்: கீழே வேலை செய்கிற இவர்களும் நானும் ஒரே இனம் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படியானால் நானும் வேறு இனம்தான் என்கிறாள் அவள். இவ்வளவுதான் காட்சி. ஹார்டி குரலை உயர்த்துவதில்லை. மேலே ஜன்னல், கீழே முற்றம், நடுவில் பழச்சாற்றின் வாடை. ஒரு சமூக அமைப்பு முழுவதும் இந்த உயர வித்தியாசத்தில் வந்துவிடுகிறது.

நாவல் புத்தகமாக வந்தது 1887இல். விவசாயத் தொழிலாளிக்குக் கூலியின் பங்காகப் போதை தரும் பானம் கொடுப்பதை விலக்கிய சட்டத் திருத்தமும் அதே ஆண்டில்தான். அதாவது அதுவரை அந்த மேற்குச் சீமைகளில் சைடர் கொண்டாட்டமாக மட்டும் இல்லை, சம்பளமாகவும் இருந்தது. சட்டம் வந்தும் பழக்கம் உடனே போய்விடவில்லை. இது தெரிந்த பிறகு லீயின் ஜாடியைப் பழைய மாதிரி தூக்க முடியவில்லை. அதியமானைப் பாடிய ஔவை கணக்கை ஒளிக்கவில்லை: கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்குத் தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடிப்பான் என்கிறாள். யாருக்கு எவ்வளவு என்பதைச் சொல்லியே அந்தப் புறநானூற்றுப் பாட்டு தொடங்குகிறது. பிலிப்ஸ் இரண்டாம் காண்டத்தில் ராணி ஆனையும் 1707 இணைப்பையும் புகழப் போய்விட்டார்.

மாடி ஜன்னலில் டம்ளரோடு உட்கார்ந்து இந்தப் பக்கங்களைப் படித்தபோது நான் இருக்கும் இடம் ஃபிட்ஸ்பியர்ஸின் இடம் என்பது உறைத்தது. என் முற்றத்தில் யாரும் எதையும் பிழியவில்லை. எனக்கு வந்தது கார்க் வைத்த பாட்டில், மேலே கஸ்டம்ஸ் ஸ்டிக்கர். அலைந்து திரிந்து குடிக்கும் நம் கவிகளின் டம்ளருக்கும் இதே நிலைதான் என்றாலும், என் இடம் அதனால் மாறிவிடுவதில்லை.

ஹார்டியிடமும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஊர்வாய்க்குப் பயந்து கிரேஸுக்குக் குடிசையைக் கொடுத்துவிட்டு, காய்ச்சலோடு மழையில் கிடந்து கைல்ஸ் சாவது அதீதம். தியாகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே புளிக்க வைத்துவிட்டார். ஆனால் கடைசிப் பக்கத்தை அவர் கிரேஸுக்குத் தரவில்லை. அவள் கணவனிடம் திரும்பிப் போய்விட, சமாதியருகே தனியே நிற்பவள் மார்ட்டி சௌத், அவனோடு மரம் நட்ட கூலிக்காரப் பெண். செடி நடும்போதும், செக்கைத் திருகும்போதும் அவனை நினைப்பதாகச் சொல்கிறாள். நாவல் முழுவதும் அவளுக்கு வாய்த்த நீண்ட பேச்சு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பாதிக்குமேல் வேலையைப் பற்றிய பேச்சு.