தோளில் தொங்கும் கித்தான் பை

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில், கிழக்கு வெளுக்குமுன்னரே எழும் ஏலக் குரல்களுக்கும் ஐஸ் உடைபடும் ஓசைக்கும் நடுவே, படம் பிடிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட அன்பர்கள் சுமந்து வரும் கேமராப் பையை எவரும் பொருட்படுத்துவதில்லை. எனக்கோ அவர்கள் எடுக்கும் படங்களுக்குச் சற்றும் குறையாத ரசனைக்குரிய வஸ்து அது. உப்புக் காற்றில் பல காலம் ஊறி, விறைப்பு நீங்கி, உடையவரின் விலாவுக்கு இசைந்த வளைவைப் பெற்றுவிட்ட அந்தக் கித்தானைத் தடவினால், புதுப் பையில் கிட்டாத ஒரு சாந்தம் விரல்களுக்குப் புலப்படும். வெல்க்ரோவின் கிழிபடும் சப்தத்தைவிடப் பித்தளைக் கொக்கியின் அடக்கமான ஒலியே எனக்கு உவப்பு.

காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, பைக்குள்ளேயே கண்ணால் பாராமல் விரலுணர்வால் மட்டும் லென்ஸை மாற்றி, ‘டக்’கென்று அது பொருந்தும் கணத்தைக் காதால் அறிகிற சாமர்த்தியம், நெடுநாள் அப்பியாசத்தின் பலன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி லென்ஸில் படிந்தால் அவசரப்பட்டுத் துணியால் தேய்ப்பதில்லை. மணல் துகள் கண்ணாடியைக் கீறிவிடுமாதலால், ரப்பர் ஊதியால் முதலில் ஊதி, பிறகே மிருதுவான துணியால் வட்டமாகத் துடைக்கிறார்கள். பூஞ்சை அண்டாதிருக்கப் பையின் மூலையில் இட்ட சிலிக்கா ஜெல் மணிகள் ஈரம் குடித்து நீலம் மாறி இளஞ்சிவப்பாகும்போது, அவற்றைச் சூடேற்றி மீண்டும் நீலமாக்கி வைக்கும் பொறுமையும் அவர்களுக்கு உண்டு.