மேனாட்டு வாசகரும் முஸ்லிம் பெண்பாத்திரங்களும்

முஸ்லிம் இளம்பெண்ணைப் பற்றி மேனாட்டிற் பெருவிற்பனை கண்ட நூல்கள் பலவற்றின் கதையமைப்பு ஒன்றே: அடைபட்ட வீடு, கொடிய ஆடவர், இறுதியிலே தப்பியோட்டம் அல்லது சாவு. ஜோர்தானில் நடந்த உண்மைக் கதையென நோர்மா கௌரி 2003இல் வெளியிட்ட நூல் புனைவென்பது 2004இல் அம்பலமாயிற்று. வாசகர் பலர் அதனை எளிதில் நம்பியமைக்கு, அவர்கள் எதிர்பார்த்த அச்சிலேயே அது வார்க்கப்பட்டிருந்தமை ஒரு காரணம் எனலாம்.

இவ்வச்சுக்குள் அடங்காதது சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. 2004இல் வெளிவந்த இந்நாவலை லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோம் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு 2009இல் வெளியாயிற்று. இதில் தனி நாயகி இல்லை. சிறுமி ராபியா, மணமுடித்து வைக்கப்படும் வஹிதா, கணவனை விட்டு மீண்ட பிர்தவ்ஸ் எனப் பெண்கள் பலர் உலவுகின்றனர். அவர்களிடையே பகடியும் பொறாமையும் பரிவும் உள்ளன. பெண்ணைக் கண்காணிப்போருள்ளும் பெண்களே மிகுதி. பிர்தவ்ஸின் சாவில் அவள் தாய்க்கும் பங்குண்டு.

பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர் சல்மா. அவரது வாழ்வை 2013இல் கிம் லொங்கினொட்டோ ஆவணப்படமாக்கினார். சிறைபட்டவர் மீண்ட வரலாறு அறியப்பட வேண்டியதே. ஆயின் அவ்வரலாற்றையே நாவலின் திறவுகோலாகக் கொள்வோர், அதனை வெறும் சாட்சியமாகவே படிப்பர். அவர்தம் வாசிப்பில் ராபியாவின் குறும்பும் வஹிதாவின் கனவும் உதிர்ந்துபோக, துயரம் மட்டுமே எஞ்சும்.

இப்பார்வையைக் கண்டிப்போர் சிலர், வீட்டுக் குறையைப் பிறர்முன் எடுத்துரைத்ததே பிழை என்பர். இவ்வாதம் பெண்ணெழுத்தின் மீது இடும் மற்றொரு திரையாகும். அகத்திருந்து எழும் விமர்சனம் மேனாட்டு இறக்குமதியன்று. இலங்கையின் முதல் தமிழ் நாவலெனக் கொள்ளப்படும் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ (1885) எழுதிய சித்திலெப்பை, தாம் பிறந்த கண்டியிலே முஸ்லிம் பெண்கல்விக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உழைத்தவர். தம் சமூகத்தின் குறையைச் சுட்டுவது அதனைக் காட்டிக்கொடுப்பதாகும் என அவர் கருதவில்லை.

கண்டி மாவட்டத்துப் புசல்லாவையிலே, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கடைத்தெருவின் முஸ்லிம் குடும்பமொன்றிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவியை எண்ணுக. வீட்டோடு பிணங்கியும் இணங்கியும் அவள் படிப்பைத் தொடர்கிறாள். மேனாட்டு அச்சில் அவளுக்கு இடமில்லை. குறைகூறலாகாதென்போர் வரையும் சித்திரத்திலும் இடமில்லை. அவளை எழுதப்போகும் நாவல், மேனாட்டாரை மகிழ்விக்க எழுதப்படாமலும் அவர்தம் பார்வைக்கஞ்சி எதையும் மறைக்காமலும் அமைதல் வேண்டும்.