கிறீஸ் பூதமும் விளக்கங்களின் அரசியலும்

1

பேய், பூதம் என்று பேச்செடுத்தாலே நம்ம ஆட்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடும். மார்க்சியர், பெரியாரியர், தமிழ்த் தேசியர் என்று எந்த அணியில் இருந்தாலும் இந்தச் சிரிப்பு மட்டும் பொது. ‘மூடநம்பிக்கை’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம். 2011 ஆகஸ்டில் இலங்கையில் ‘கிறீஸ் பூதம்’, ‘கிறீஸ் மனிதன்’, ‘மர்ம மனிதன்’ என்றெல்லாம் அழைக்கப்பட்ட ஒன்றை அப்படிச் சிரித்துக் கடந்துவிட முடியாது என்று நான் கருதுகிறேன். அது இருந்ததா இல்லையா என்று தீர்ப்பு சொல்வது இக்கட்டுரையின் வேலையல்ல. அதைப் பற்றி முன்வைக்கப்பட்ட விளக்கங்களையே பிரதிகளாக எடுத்து வாசித்துப் பார்க்கிறேன். யார் விளக்கினார்கள், யாருக்காக விளக்கினார்கள், அந்த விளக்கத்தில் யாருடைய குரல் காணாமற்போனது என்பனவே என் கேள்விகள்.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். சிங்கள நாட்டார் பேச்சில் ‘கிறீஸ் யக்கா’ பழைய சங்கதி. அரைகுறை உடையோடு உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு வரும் திருடன் அவன். பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடுவான். பாதி பயம், பாதி வேடிக்கை. 2011இல் வந்தவன் வேறு ஆள். அவன் பொருளைத் தொடவில்லை, பெண்களைத் தொட்டான். மலையகப் பக்கம் தொடங்கிய பேச்சு பொத்துவில், மட்டக்களப்பு, கிண்ணியா, புத்தளம், யாழ்ப்பாணம் என்று சில வாரங்களுக்குள் பரவியது. அது நோன்பு மாதம். முஸ்லிம் ஊர்களில் ஆண்கள் இரவுத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருக்கும் நேரம். வீட்டிலும் கிணற்றடியிலும் பெண்கள். கறுத்த உருவம், முகமூடி, விரலில் கத்தி மாதிரி நகம், சுருள்வில் வைத்த சப்பாத்து, மதில் தாண்டும் பாய்ச்சல், உடம்பில் கீறல். சொன்னவர்களின் விவரணைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆனால் ஒரு வாக்கியம் மட்டும் ஊருக்கு ஊர் திரும்ப வந்தது: துரத்திக்கொண்டு போனோம், முகாம் பக்கமாக ஓடி மறைந்துவிட்டான்.

கிண்ணியாவில் மக்கள் கடற்படை முகாமை முற்றுகையிட்டார்கள். புத்தளத்தில் ஆகஸ்ட் 21 அன்று நடந்த மோதலில் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள் கொல்லப்பட்டார். மறுநாள் இரவு யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மர்ம மனிதர்களைத் துரத்திய மக்களுக்கும் படையினருக்கும் மோதல் மூண்டது. அதன்பின் படையினரும் பொலிசாரும் வீடு வீடாகப் புகுந்து ஏறத்தாழ நூறு ஆண்களை அடித்து இழுத்துச் சென்றார்கள். பூதத்தைப் பிடித்துத் தரச் சொல்லிக் கேட்டவர்கள்தான் கடைசியில் பிடிபட்டவர்கள்.

2

அரசு தந்த விளக்கம் எளிமையானது. அப்படி ஒன்றும் இல்லை; வதந்தி; விஷமிகள் கிளப்பிவிடுகிறார்கள். படை முகாம்களைத் தாக்குவது பயங்கரவாதமாகவே கருதப்படும் என்ற தொனியில் அப்போதைய பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷ எச்சரித்தார். இந்த விளக்கத்தின் தர்க்கத்தைக் கவனியுங்கள். பூதம் பற்றிய கேள்வி ஒரே எட்டில் பயங்கரவாதம் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. ஒரு பெண் தன் உடம்பில் பட்ட கீறலைப் பற்றிச் சொல்கிறாள். அரசு முகாமின் மதிலில் பட்ட கல்லைப் பற்றிப் பதில் சொல்கிறது.

எதிர்த்தரப்பு விளக்கமும் ஒன்று இருந்தது. எல்லாம் இராணுவத்தின் திட்டம். அவசரகாலச் சட்டத்தை நீடிக்கவும், போர் முடிந்த பிறகும் முகாம்களை வைத்திருக்கவும் அரசே ஆளனுப்பிப் பயமுறுத்துகிறது. உணர்வளவில் இது எனக்கு அருகில் இருக்கும் விளக்கம்தான். ஆனாலும் அதில் ஒரு ஓட்டை உண்டு. அந்த ஆகஸ்ட் 25 அன்றுதான் மகிந்த ராஜபக்ஷ அவசரகாலச் சட்டத்தை நீக்கப்போவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் புதிய விதிகள் கொண்டுவரப்பட்டன என்பது உண்மை. ஆயினும் அவசரகாலச் சட்டத்துக்காகவே பூதம் என்று சொன்னால் கணக்கு உதைக்கிறது. சதிக் கோட்பாட்டில் எனக்குள்ள பெரிய சிக்கல் வேறு. அது அரசை எல்லாம் அறிந்த, எல்லாம் திட்டமிடும் ஒரு மூளையாகக் கட்டமைக்கிறது. அரசு தன்னைப் பற்றி நம்ப வைக்க விரும்பும் கதையாடலும் அதுதானே?

மூன்றாவது விளக்கம், வெகுசனப் பீதி. ஆங்கிலம் படித்த நடுத்தர வர்க்கம் விரும்பி எடுத்துக்கொண்டது இதைத்தான். இதற்கு உலகளவில் சான்றுகள் ஏராளம். 1837-38இல் லண்டன் புறநகர்களில் ‘ஸ்பிரிங் ஹீல்டு ஜாக்’ என்றொருவன் குதித்தான். உலோக நகம், வாயில் நீலத் தீ, எந்த மதிலையும் தாண்டும் கால்கள். தாக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் பெரும்பாலும் பெண்கள். நாஜிகள் பிடித்து வைத்திருந்த பிராகில் ‘பெராக்’ என்ற சுருள்வில் மனிதனைப் பற்றி மக்கள் பேசிக்கொண்டார்கள். 2001 மே மாதம் டெல்லியில் ‘குரங்கு மனிதன்’. நாலடி உயரம், கறுத்த ரோமம், தலையில் ஹெல்மெட், நெஞ்சில் பொத்தான்கள். காவல்துறைக்கு 300க்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. காவல்துறை உத்தேசப் படம் வரைந்து வெளியிட்டு, பிடித்துத் தருவோருக்கு 50,000 ரூபாய் பரிசும் அறிவித்தது. மொட்டை மாடியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ‘வந்துட்டான்’ என்ற சத்தத்தில் பயந்து விழுந்து செத்தார்கள். கடைசியில் வல்லுநர்கள் வந்து, எல்லாம் பீதி, காயங்கள் தாமாக ஏற்பட்டவை அல்லது எலி முதலிய பிராணிகளால் வந்தவை என்று சொல்லிக் கோப்பை மூடினார்கள்.

இந்த விளக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. இருட்டில் பயந்து கிடப்பவரின் கண்ணுக்கு நிழல் உருவாகத் தெரியும். ஒருவர் கண்டது பத்துப் பேர் கண்டதாகும். பயத்தில் ஓடும்போது முள்ளும் தகரமும் கீறும். இதெல்லாம் சரி. ஆனால் ‘பீதி’ என்ற சொல், யாருக்கு, எப்போது, எங்கே என்ற கேள்விகளைத் தின்றுவிடுகிறது. டெல்லியில் குரங்கு மனிதன் தெற்கு டெல்லி பங்களாக்களுக்குப் போகவில்லை. காற்றும் மின்சாரமும் இல்லாமல் மே மாத வெயிலில் மாடியில் படுக்க வேண்டியிருந்த கிழக்கு, வடகிழக்கு டெல்லியின் உழைக்கும் மக்களிடம் போனான். அவன் வருவது இருட்டில் என்றால், அந்த இருட்டை விநியோகித்தது யார் என்று எந்த வல்லுநர் அறிக்கையும் விசாரிப்பதில்லை.

3

இங்கே நம்முடைய பகுத்தறிவு மரபோடு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. ஆபிரகாம் கோவூரை நம்மில் பலர் படித்திருப்போம். கேரளத்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியராக வாழ்ந்து, பேய் வீடுகளையும் கல்லெறியும் ஆவிகளையும் தேடித் தேடிச் சென்று விசாரித்தவர். அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டவர். அவரது விசாரணைகள் தமிழிலும் வந்து பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் படிக்கப்பட்டன. மந்திரவாதிகளிடமிருந்து எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றிய எழுத்து அது. அந்தக் கடனை மறுப்பது நன்றிகெட்டதனம்.

ஆனால் கோவூரின் விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வடிவத்தைக் கவனிக்க வேண்டும். கல்லெறிவது ஆவியல்ல என்று அவர் கண்டுபிடித்ததும் விசாரணை பெரும்பாலும் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கும் மனம் நொந்த ஒருவரிடம் போய் முடியும். பல நேரங்களில் அவர் ஒரு இளம்பெண். கோவூர் அவரைத் திட்டவில்லை. மனவசியம் செய்து, ஆறுதல் சொல்லி, குடும்பத்துக்குப் புத்தி சொல்லி அனுப்பினார். அவரளவில் அது மனிதாபிமானம். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த மனிதாபிமானத்தைக் கழற்றி வைத்துவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வெளியே எதுவும் இல்லை, எல்லாம் அவள் மனசுக்குள்தான் என்ற சூத்திரம் கையில் மிஞ்சியது. ‘ஹிஸ்டீரியா’ என்ற சொல்லே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பது தற்செயலானதல்ல. பெண்ணுடல் சொல்வதை நோயாக மொழிபெயர்க்கும் சொல்லாடலுக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது.

கிழக்கிலும் வடக்கிலும் இந்தச் சூத்திரம் ஏன் செல்லாது? ஏனென்றால் அங்கே ‘வெளியே’ நிறைய இருந்தது. ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ‘கோணி பில்லா’ சிங்களக் குழந்தைகளுக்குக் காட்டப்படும் பூச்சாண்டி; அடம்பிடிக்கும் பிள்ளையைச் சாக்கில் போட்டுத் தூக்கிப் போவான். 1987-89 ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் அவன் நிஜமாகவே வந்தான். தலையில் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, இராணுவத்தின் முன் நிறுத்தப்பட்ட காட்டிக்கொடுப்பவனுக்கு மக்கள் வைத்த பெயர் அதுதான். தமிழ்ப் பகுதிகளில் அவனுக்குப் பெயர் ‘தலையாட்டி’. சுற்றிவளைப்பில் ஊரே வரிசையில் நிற்க, அந்த முகமில்லாத தலை ஒரு தரம் அசைந்தால் ஒரு பையன் போய்விடுவான். திரும்பி வராமலும் போவான். பிறகு வெள்ளை வான் வந்தது. அதற்கும் எண் தகடில்லை, ஏறி வந்தவர்களுக்கும் முகமில்லை. விசாரித்தால் அப்படி ஒரு வாகனமே இல்லை என்றுதான் பதில்.

முகமூடி போட்ட உருவம் இருட்டில் வரும், ஆளைத் தொடும், முகாம் பக்கம் மறையும், அப்படி யாரும் இல்லை என்று அதிகாரி சொல்வார். இருபத்தைந்து ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்களுக்கு இது மாயத்தோற்றமல்ல, அனுபவ அறிவு. 2011 ஆகஸ்டில் மதில்மேல் ஒரு பெண் கண்டது என்ன என்று எனக்கோ உங்களுக்கோ தெரியாது. அதைக் கண்டதும் எந்தப் பக்கம் ஓடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

4

வதந்தியைப் பற்றி ரணஜித் குஹா விவசாயிகள் எழுச்சிகளை முன்வைத்து எழுதினார்: அது ஆசிரியனற்றது; கேட்டவனே அடுத்த கணம் சொல்பவனாகிறான்; அதிகாரத்தின் எழுத்துக்கு எதிரே அடித்தள மக்களின் பேச்சாக நிற்கிறது. காலனிய ஆப்பிரிக்காவின் இரத்தம் உறிஞ்சுவோர் கதைகளை ஆராய்ந்த லூயிஸ் வைட் இன்னொன்றைச் சொன்னார். தீயணைப்புப் படையினர் ஆட்களைப் பிடித்து இரத்தம் எடுக்கிறார்கள் என்ற பேச்சை வெறும் உருவகமாகச் சுருக்க வேண்டாம். மக்கள் தங்கள் உலகத்தைப் பற்றிச் சொல்லும் துல்லியமான விவரங்கள் அதற்குள் இருக்கின்றன என்றார். இவ்விருவரும் நமக்கு உதவுகிறார்கள். ‘முகாம் பக்கம் ஓடினான்’ என்ற வாக்கியத்தைப் புலனாய்வுத் தகவலாக வாசித்தால் நிரூபிக்க முடியாது. ஊரின் கேள்வி எங்கே போய் நின்றுவிடுகிறது என்பதற்கான வரைபடமாக வாசித்தால் அதில் பிழையே இல்லை.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் நாம் இன்னொரு சொகுசில் விழுந்துவிடுவோம். ‘மக்களின் எதிர்ப்புக் கதையாடல்’ என்று கொண்டாடிவிட்டுப் போவது. அந்தக் கூட்டம் யாரைப் பிடித்தது என்றும் கேட்க வேண்டும். மலையகத்தில் சந்தேகத்தின் பேரில் இருவர் அடித்தே கொல்லப்பட்டார்கள். பூதம் தேடிப் போன இடங்களிலெல்லாம் அகப்பட்டவர்கள் அசலூர்க்காரர்கள், தெருவில் திரிந்தவர்கள், கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாதவர்கள். டெல்லியிலும் குள்ளமான ஒரு சாமியாரைப் பிடித்து அடித்தார்கள். அதிகாரத்தின் உச்சியை நோக்கிப் போவதாகத் தொடங்கும் கோபம், வழியில் தன்னைவிட எளியவன்மீது விழுகிறது. புத்தளத்துக் கான்ஸ்டபிளும் சீருடைக்குள் இருந்த ஒரு கூலிக்காரன்தான். வதந்திக்கு ஆசிரியன் இல்லை என்பதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது: கொலைக்கும் யாரும் பொறுப்பில்லை.

பெண்களுக்கு என்ன ஆயிற்று? தொடக்கத்தில் பேசியவர்கள் அவர்கள். சில நாட்களுக்குள் பேச்சு ஆண்கள் கைக்குப் போய்விட்டது. விழிப்புக் குழுக்கள், பொல்லுகள், ‘நம்ம பெண்டுகளைக் காப்பாத்தணும்’ என்ற முழக்கம். அந்தக் காப்பாற்றலின் விலை, பொழுது சாய்ந்தால் வீட்டைவிட்டு இறங்கக் கூடாது என்பது. போரில் கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் பகுதி அது. வயலுக்கும் சந்தைக்கும் போகாவிட்டால் அவர்களுக்கு அடுப்பெரியாது. அரசு அவர்கள் சொன்னதைப் பிரமை என்றது. ஊர் அதை மானப் பிரச்சினையாக்கியது. இரண்டு விளக்கத்திலும் அவள் சாட்சியாக இல்லை. ஒன்றில் நோயாளி, இன்னொன்றில் சொத்து.

பிராகின் பெராக்குக்கு வேறு விதி வாய்த்தது. போர்க்காலப் பேச்சில் அவன் நல்லவனா கெட்டவனா என்று தெளிவில்லாத, பாதசாரிகளை அச்சுறுத்தும் உரு. நாஜிகள் தோற்றபின் 1946இல் யிர்சி திரின்கா எடுத்த கேலிப்படத்தில் அவன் நாஜிப் படையை எதிர்க்கும் வீரனாகிவிட்டான். வென்றவர்களால் தங்கள் பயத்துக்கு இப்படி ஒரு நல்ல விளக்கம் எழுதிக்கொள்ள முடிகிறது. கிறீஸ் மனிதனுக்கு அந்த மறுஎழுத்து இல்லை. அவனைக் கண்டவர்கள் எதையும் வெல்லவில்லை.

நண்பரொருவர் கேட்டார்: “சரிப்பா, அப்ப அது யார்தான்? ஒரே பதிலாச் சொல்லேன்.” திருடனும் இருந்திருக்கலாம், காமுகனும் இருந்திருக்கலாம், சீருடையைக் கழற்றிவிட்டு வந்தவனும் இருந்திருக்கலாம், வெறும் நிழலும் இருந்திருக்கலாம். இந்த நான்கையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஒரு பெண் பொலிஸ் நிலையத்துக்குப் போய்த் தன் மொழியில் முறைப்பாடு கொடுக்க முடிய வேண்டும். அவள் காயத்தை ஒரு மருத்துவர் பார்த்து எழுத வேண்டும். தேடுதல் முகாம் வாசலோடு நின்றுவிடாமல் உள்ளேயும் போக வேண்டும். பூதத்தை ஒழிப்பதற்குப் பகுத்தறிவு கோர வேண்டியது இந்த மூன்றையும்தான். நாவாந்துறையில் அடிபட்டவர்கள் உச்ச நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுக்களோடு போனார்கள். அந்த மனுக்களில் பூதம் பற்றிய வழக்கு எதுவும் இல்லை. அன்றிரவு கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர்களைப் பற்றித்தான் வழக்கு.